அறுபதைத் தாண்டினால் ஆட்டம்

சிவபாதம் அண்ணர் காலமான செய்தி பரந்தனுக்கு வந்த அன்று, செத்தவீட்டில் கூடிய பெரியோர் நீண்ட ஆலோசனையின் பின் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவை எடுத்தார்கள்: அஞ்சலிப் பதாகையில் ஹெல்மெட் போட்ட படத்தையே அச்சிடுவது. வேறு படம் இருக்கவில்லை. படத்தை வைத்து யார் என்ன செய்வார்களோ என்று அவர் எவரிடமும் முகத்தைக் கொடுத்ததில்லை.

கூட்டுறவுச் சங்கக்கடையில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். தேநீர் கொடுத்தால், "சீனி போட்டனீரோ, போட்டதெண்டு சொல்லுறீரோ?" என்பார்.

அவருடைய பழைய மோட்டார்சைக்கிள் வேகம் அறுபதைத் தாண்டியதும் பாம்புபோல நெளியத் தொடங்கியது. வவுனியா கிளினிக்குக்கு மனைவி தவமணி அக்காவை அதில்தான் ஏற்றிச் செல்வார். முழங்கால் வருத்தக்காரியான அக்காவால் பஸ்ஸில் நின்று போக முடியாது. அண்ணர் முதலில் டயரைச் சந்தேகித்தார், பிறகு காற்றடித்தவரை. நூல் பிடித்து இரண்டு சில்லும் நேரா என்று பார்த்தார். பின் சில்லை உலுப்பிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததே அவருக்குப் பெரிய சந்தேகமாயிற்று. மிச்சமிருந்தவர் அக்கா.

"நீர் பின்னால ஆடுறீர்."

"நான் ஏறாத நாளும் ஆடுதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இனி நான் பஸ்ஸிலயே போறன்."

மறுநாளே சந்தியிலுள்ள மெக்கானிக் ரூபனிடம் போனார். நானும் போனேன், சாட்சிக்கு. ரூபன் முன் சில்லை நிலத்திலிருந்து தூக்கி வைத்து ஹாண்டிலை மெல்லத் தள்ளினார். தானாகவே ஒரு பக்கம் சரிய வேண்டிய ஹாண்டில், தள்ளிய இடத்திலேயே விறைத்து நின்றது.

"அண்ணை, ஹாண்டில் கழுத்து நட்டை ஆர் இப்பிடி இறுக்கினது?"

"நான்தான். ஒவ்வொரு சேர்விசுக்குப் பிறகும் இறுக்குவன். நீங்கள் வடிவா இறுக்குவியள் எண்டு என்ன நிச்சயம்?"

"ஓடேக்க ஹாண்டில் தன்ர பாட்டில நேர வரவேணும் அண்ணை. நீங்கள் அதையும் நம்பேல்லை."

நட்டைத் தளர்த்தியதும் ஆட்டம் நின்றது. அக்காவை ஏற்றிக்கொண்டு முள்ளியவளைக் கோயிலுக்கு எழுபதில் போனார். "இண்டைக்குத்தான் சீட்டை விட்டிட்டு சேலைத் தலைப்பைப் பிடிச்சனான்" என்றார் அக்கா. அண்ணர் மகிழவில்லை. "நிண்டது சரி. ஆனா, ஏன் இவ்வளவு லேசா நிண்டது?"

சில மாதங்களின் பின் காய்ச்சலில் படுத்தார். மருந்துச் சிட்டையை இரண்டு பாமசியில் காட்டி ஒப்பிட்டார். பிறகு எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் மகன் அந்த மோட்டார்சைக்கிளை வெளியே எடுத்து, முன் சில்லைத் தூக்கி ஹாண்டிலைத் தள்ளினார். அது தள்ளிய இடத்திலேயே நின்றது. அவர் ஸ்பனரை எடுக்க, அக்கா கையைப் பிடித்தார்.

"விடடா. அப்பா திரும்பவும் இறுக்கினது, இருக்கட்டும்."

போய் வாருங்கள் அண்ணர். அங்கேயும் சொல்வதை உடனே நம்பிவிடாதீர்கள்.

அடுத்த கிளினிக்குக்கு அக்கா பஸ்ஸில் போனார்.