தாழ்ப்பாள் இல்லாத வீடு

அந்த வட்டாரத்தில் பாதிக் கதவுகள் தச்சர் செய்தவை. அவர் வீட்டு வாசற்கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது. "ஊருக்கெல்லாம் கதவு போட்டுக் குடுக்கறீங்க, நம்ம வீடு மட்டும் தெறந்த மடமாக் கெடக்கு" என்று மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிப் பார்த்துவிட்டாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

காரணம் தாத்தா. நூறு வருஷத்துக்கு முன்னால் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன பெருங்காய்ச்சலின்போது, துறைமுக வேலையிலிருந்து இருமிக்கொண்டே வந்து நின்ற சொந்த அண்ணனுக்கு அவர் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார். அண்ணன் தெருமுனையில் செத்துக் கிடந்தார். அன்றிலிருந்து அது 'தாழ்ப்பாள் வீடு' ஆனது. அந்தப் பெயரோடு பெண் கேட்டுப் போய் அவமானப்பட்டு வந்த அப்பா, தாழ்ப்பாளைப் பிடுங்கி எறிந்தார். இனி இந்த வாசலுக்கு வந்தவர் யாரும் வெளியே நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

தச்சர் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. கல்யாணமோ சாவோ, நாலு சொந்தம் கூடினால் தாத்தா கதையை எடுத்துவிடுவார். "கூடப் பொறந்தவனை வெளிய நிக்க வச்சவன் மனுஷனா?" என்று முடிப்பார். முடிக்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். செத்தவரைத் திட்டுவதில் ஒரு சௌகரியம், அவர் எழுந்து வந்து பதில் சொல்லப்போவதில்லை.

பிறகு இவர் காலத்துக்கும் ஒரு காய்ச்சல் வந்தது. பஸ் நின்றது, கடைகள் மூடின. வீட்டில் மகள் நிறைமாதம்; சின்ன வயசிலிருந்தே மூச்சிரைப்பு உள்ளவள். ஒரு மத்தியானம் தம்பி வந்து நின்றான். வேலை பார்த்த ஊரில் தங்க இடமில்லாமல், லாரியிலும் நடையிலுமாக வந்திருந்தான். அவனுக்கு முன்னால் அவன் இருமல் வந்துவிட்டது.

தச்சர் எழுந்து ஓடினார். ஒருக்களித்திருந்த கதவை அகலத் திறக்கத்தான் ஓடுகிறோம் என்று அவரே நினைத்தார். போனவர் கதவைச் சாத்தித் தோளை முட்டுக்கொடுத்து நின்றார். கை, இல்லாத தாழ்ப்பாளைத் தடவித் தேடியது.

"அண்ணே, நான்தான்."

"தெரியுதுடா."

தள்ளினால் திறந்துகொள்ளும் கதவு. தம்பிக்கு அது தெரியாதா, அதே வீட்டில் வளர்ந்தவன்தானே. அவன் தள்ளவில்லை.

"பாப்பா உள்ள இருக்காளா?"

"நிறைமாசம்டா. நான் என்ன பண்ணுவேன், நீயே சொல்லு."

"தெறக்காதேண்ணே. பின்னாடி பட்டறையில படுத்துக்கறேன். ஒரு பாய் மட்டும் ஜன்னல் வழியாப் போடு."

தச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோளை மட்டும் எடுக்கவில்லை.

தம்பி மரத்தூளுக்கு நடுவே கிடந்தான். சோறும் வெந்நீரும் பட்டறை வாசலில் வைத்துவிட்டு எட்டி நின்றுகொள்வார்கள். இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டு கிடந்து, ஒருவழியாகப் பிழைத்தான். மகளுக்கும் நல்லபடியாகப் பிரசவமானது.

எல்லாம் அடங்கிய பிறகு குழந்தையைப் பார்க்கச் சொந்தங்கள் கூடின. சாப்பிட்டு முடித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது மருமகன் ஆரம்பித்துவைத்தார்.

"மாமா, அந்தத் தாத்தா கதையைச் சொல்லுங்களேன். எங்க வீட்டாளுங்க கேட்டதில்ல."

தச்சர் எதிரே உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். தம்பி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"அதுல சொல்ல என்ன இருக்கு மாப்ளே," என்றார் தச்சர். "அண்ணனைப் படுக்க வைக்க அவருக்கு ஒரு பட்டறை இல்ல. இருந்தது ஒரே ரூம். அதுல கைக்குழந்தையா எங்கப்பா."