கதவடைப்பில் போன தூக்கம்

கிளர்ச்சிக்காரன் வேலையில் முதலில் கெடுவது தொண்டை என்று ஊருக்கே தெரியும். அடுத்தபடியாகக் கெடுவது தூக்கம் என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

தொண்டைக்காவது பனங்கற்கண்டு இருக்கிறது. நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எனக்குத் தெரிந்ததெல்லாம் காலணாத் துண்டுப் பிரசுரங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். கூலி ஏன் குறைகிறது, அரிசி ஏன் பதுங்குகிறது, முதலாளி எப்படிக் கொழுக்கிறான் என்பதற்கெல்லாம் அவற்றில் பதில் இருந்தது. ஊருக்குத் தைரியம் சொல்கிறவனுக்கே தைரியம் போய்விட்டால் என்ன செய்வது என்று எந்தப் பிரசுரத்திலும் ஒரு வரி கிடையாது. கூட்டம் கலைந்த பிறகு வீட்டுக்கு வந்து, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இல்லை என்கிறவர்கள் இன்னும் கொஞ்ச காலம் சங்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

நான் சொல்லப்போவது ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. சேலத்துக்குத் தெற்கே, நாமக்கல் சாலையில் எங்கள் நூல் மில். ஒரே ஆள் இன்னும் அதிகமான எந்திரங்களைப் பார்க்க வேண்டும் என்றது நிர்வாகம். முடியாது என்றோம். கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். பூட்டு துருப்பிடிக்கும்வரை திறக்கவில்லை.

பேசாத பேச்சு

தினமும் சாயங்காலம் மில் வாசலில் கூட்டம். பேசுவது நான்தான். பூட்டுப் போட்ட முதல் மாதம் என் பேச்சில் நெருப்புப் பறந்தது என்று நானே சொல்லிக்கொள்வேன். சொல்ல வேறு ஆள் இல்லை. பிறகு தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே என் குரல் யாரோ தூரத்தில் பேசுவது போலக் கேட்க ஆரம்பித்தது.

ஒருநாள் "இந்தக் கேட்டுக்கு உள்ளே..." என்று கையை நீட்டினேன். அதற்கு மேல் வரவில்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டியதும் தெரிந்தது. ஆனால் இதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு எண்ணம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. நீட்டிய கையோடு நின்றேன். நான் ஏதோ உணர்ச்சியில் நிற்கிறேன் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. கைதட்டல் ஓயட்டும் என்று நிற்கிற மாதிரி நின்றுவிட்டு இறங்கிவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான நூற்பாளி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இன்னைக்குத்தானுங்க தலைவரே, நீங்க சொன்னது முச்சூடும் வெளங்குச்சு."

பாவாயியின் கேள்வி

என் மனைவி பாவாயி கைத்தறிக்காரர்களுக்கு ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பாள், அதாவது ஊடை நூலைத் தார்க்குச்சியில் ஏற்றிக் கொடுப்பாள். கதவடைப்புக் காலத்தில் எங்கள் அடுப்பு எரிந்தது அந்த ராட்டையால்தான். அதன் சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் கத்தினேன். கத்தியதற்குக் காரணமாக உழைக்கும் வர்க்கத்தின் நிலைமையை எடுத்துச் சொன்னேன்.

அவள் ராட்டையை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டாள். நான் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மில், வக்கீல் வீடு, லேபர் ஆபீஸ், கூட்டம் என்று அலைவதையும், படுத்த பிறகும் உதடு அசைந்துகொண்டே இருப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தவள். மறுபடியும் ராட்டையைச் சுற்றியபடியே கேட்டாள்: "ஏனுங்க, ஊருக்கெல்லாம் எட்டு மணி நேர வேலை கேக்கறீங்க. உங்களுக்கு ஆருங்க கேக்கறது?"

தீர்மானம்

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சங்கச் செயலாளர் அந்தோணிசாமி கமிட்டியைக் கூட்டினார். சேலம் டவுன்காரர், சர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு, நூல் முறுக்கும் ரிங் பிரேம் பிரிவில் வேலை. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். தீர்மானம் போட்டோம். "தலைவரின் உடல் மற்றும் மனச் சோர்வு குறித்து இக்கமிட்டி ஆழ்ந்த கவலை தெரிவிப்பதுடன், அவர் உடனடியாகத் தூங்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது."

"வலியுறுத்துகிறது" வேண்டாம், "கேட்டுக்கொள்கிறது" போதும் என்று ஒரு திருத்தம் வந்தது. கடுமையான விவாதம். அந்த விவாதத்துக்குத் தலைமை தாங்கியவன் நானேதான். திருத்தம் தோற்றுத் தீர்மானம் நிறைவேறியது. ஓட்டுப் போடாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்த மூலை ஆசாமி ஒருவர் எழுந்தார்: "மானேஜருக்குப் போட்ட தீர்மானத்துக்கே இன்னும் பதில் வல்லீங்க. தூக்கம் மட்டும் பயந்துக்கிட்டு ஓடியாருமுங்களா?"

ஒரே மருந்து

பாவாயி இழுத்துக்கொண்டு போய் டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிச் சிவப்பாக ஒரு திரவம் கொடுத்தார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பொழுது சாயும்போது அரை மணி நேரம் மில்லைப் பற்றி நினைக்காமல் நடங்கள் என்றார். என் நோய் தனி மனித நோயல்ல, இந்த அமைப்பின் நோய் என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இங்க ஒரு மில் முதலாளியும் தூக்கம் வரலேன்னுதான் வர்றார்" என்றார். எந்த மில் என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டேன் என்றார். எவனாக இருந்தால் என்ன, முதலாளியும் தூங்கவில்லையே என்று பல வாரங்களுக்குப் பிறகு எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம். அவனுக்கு என்ன மருந்து என்றேன். டாக்டர் சீசாவுக்குத் தக்கை வைத்தபடி சொன்னார்: "இதே மருந்துதான். அவர் ஒழுங்காக் குடிக்கிறார், நடக்கிறார். நீங்க எப்படி?"

பின்னால் வந்த சைக்கிள்

இந்தச் சமயத்தில்தான் என்னை யாரோ பின்தொடர்வதைக் கவனித்தேன். வீட்டு எதிரில் புளியமரத்தடியில் எப்போதும் ஒருவன். சாலையில் நடந்தால் பின்னால் ஒரு சைக்கிள். முகம் தெரியாதபடி துண்டை முக்காடு போட்டிருப்பான். ஆள் மாறும், சைக்கிள் மாறாது. சாதா உடுப்புப் போலீஸ் என்று முடிவு செய்தேன். நம் போன்றவர்களுக்கு இது பழக்கம்தானே. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது. சர்க்கார் இன்னும் நம்புகிறது.

ஒருநாள் மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போனேன். கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்தேன். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், எதையும் ஜெயிக்க வேண்டாம், இப்படியே முடிந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. அதற்கு மேல் என்ன தோன்றியது என்று எழுதப் போவதில்லை. பட்டவர்களுக்கு எழுத வேண்டியதில்லை. எழுந்து தண்ணீரில் காலை வைத்தேன். கரைமேல் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. முக்காடு போட்டவன் மூச்சிரைக்க ஓடிவந்து என் புஜத்தைப் பிடித்துக்கொண்டான். உடம்பெல்லாம் வியர்வை. பஸ்ஸைத் துரத்திக்கொண்டே மிதித்திருக்கிறான். "எந்த ஸ்டேஷன் நீ?" என்று அதட்டினேன். அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "ஸ்டேஷனுங்களா? நான் பஞ்சு அடிக்கிற புளோரூம் பழனியப்பனுங்க, தலைவரே. இன்னைக்கு உங்களுக்குப் பகல் ஷிப்டு நானுங்க. அடுத்த ஷிப்டு ஆளு வாரவரைக்கும் கையை உடமாட்டனுங்க."

கொட்ட ஓர் இடம்

மில்லில் ஓடாத மூன்று ஷிப்டும் என் வீட்டு எதிரில் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்பாடு அந்தோணிசாமியுடையது. தீர்மானம் பலிக்காது என்று கூட்டம் முடிந்த அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அவ்வளவாக முகம் பழகாத ஆட்களாகப் பொறுக்கிப் போட்டிருந்தார். பாவாயிக்கும் தெரியும், புளியமரத்தடிக்கு மோர் போய்க்கொண்டிருந்தது. வழியில் பழனியப்பன் சொல்லி அனுப்பிய சேதி கேட்டு அந்தோணிசாமியே ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார். நான் கைதியா என்று அவரிடம் கத்தினேன். சைக்கிளில் என்னை முன்கம்பியில் உட்கார வைத்து மிதித்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல மூச்சு இல்லை.

பாதி வழியில் கம்மங்காட்டு ஓரமாக நிறுத்தினார். என் கத்தல் அழுகையாக மாறியிருந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓய்ந்த பிறகு சொன்னார்: "நாங்க பாவசங்கீர்த்தனம்னு சாமியார்கிட்டப் போய் மனசுல கெடக்கறதைக் கொட்டிட்டு வர்றோம். நீங்க சாமியும் வேண்டாம்னுட்டீங்க, மனுசங்ககிட்டயும் சொல்ல மாட்டீங்க. அப்ப எங்கதான் கொட்டுவீங்க, தலைவரே?"

ராவுத்தர் போட்ட நிபந்தனை

எங்கள் கூட்டங்களுக்கு மைக் செட் கொடுத்தவர் காதர் ராவுத்தர். கல்யாணமோ காங்கிரஸோ நாங்களோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அந்தோணிசாமி சொல்லித்தான் வந்தாரா, தாமாகவே வந்தாரா, தெரியாது. வேறு யாராவது பேசுவதென்றால் செட் உண்டு, நான் பேசுவதென்றால் கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

என் வாயை மூட நிர்வாகத்தால் முடியாததை ஒரு செட்டுக்காரர் செய்வதா என்று சீறினேன். அவர் கோபப்படவில்லை. "கூட்டம் முடிஞ்சா என்ன பண்றனுங்க? செட்டைக் கழட்டி, ஆற வெச்சு, ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிர்றேன். நீங்கதான் அதை உள்ளாற ஓட உட்டுக்கிட்டே படுக்கறீங்க."

மேடையில் பழனியப்பன்

ஆகவே நான் முதல் தடவையாகக் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்தேன். மேடையில் பழனியப்பன். கோரிக்கைகளைச் சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மைக்கைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றான். "ஊட்டுல புள்ளைங்களைக் காரணமில்லாம அடிக்கறனுங்க. அப்புறம் நானே கொல்லையில போயி உக்காந்துக்கறேன்." அவ்வளவுதான் பேச்சு.

இப்படியா பேசுவது, நிர்வாகத்தின் காதில் விழுமே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பக்கத்தில் இருந்தவர் "எனக்குமுங்க" என்றார். பின்னாலிருந்து இன்னொரு குரல். பெண்கள் பக்கம் ஒருத்தி எழுந்து நின்றே சொன்னாள். ஊரில் எனக்கு மட்டும்தான் இந்த வியாதி என்று நான் நினைத்திருந்தேன். கேட்டுக்கு வெளியே இருந்த அத்தனை பேரும் அதைச் சோற்றுக்குப் பதிலாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறோம். நானும் "எனக்கும்" என்றேன். மைக் இல்லாமல், உட்கார்ந்தபடியே. இறங்கிவந்த பழனியப்பன் என் காதோரம் குனிந்தான்: "பயமா இருக்குதுன்னு மைக்குல சொன்னாப் போலீஸ் புடிக்குமுங்களா, தலைவரே?"

கேட் திறந்த அன்று

கடைசியில் கேட் திறந்தது. வெற்றி என்று நோட்டீஸ் அடித்தோம். அது வெற்றியல்ல. எந்திரம் கூடியது, ஆள் குறைந்தது. குறைந்த ஆட்களில் நான் முதல். எல்லோரும் உள்ளே போவதைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். மில் ஓடும் சத்தம் கேட்டது. பழைய ஆளாக இருந்தால் அங்கேயே ஒரு பெட்டியைப் போட்டு ஏறியிருப்பேன். காலையில் ஒன்றும் சாப்பிடாதது நினைவுக்கு வந்தது. இரவு ஷிப்டு என்பதால் உள்ளே போகாமல் சைக்கிளோடு நின்றிருந்த பழனியப்பனிடம் போய்ச் சொன்னேன்: வீட்டுக்குப் போகிறேன், வேறு எங்கும் போகவில்லை.

வந்து பழைய சோறு சாப்பிட்டுப் படுத்தேன். ராட்டை ஓடிக்கொண்டிருந்தது. எப்போது கண் மூடியது என்று தெரியாது. மத்தியானம் ஆறுதல் சொல்லக் கமிட்டிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். அடுத்த கட்டம் பற்றி என்னைக் கலந்துகொண்டே ஆக வேண்டும் என்றிருக்கிறார்கள். பாவாயி வாசலில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு சொன்னாளாம்: "அவரு தூங்கறாருங்க, சத்தம் போடாதீங்க. போராட்டம் நாளைக்கும் இருக்கும்."

அந்தக் கதவடைப்பில் நாங்கள் கேட்டவற்றில் குறைக்காமல் கிடைத்தது என் ஒரு பகல் தூக்கம் மட்டும்தான், அதையும் கொடுத்தது நிர்வாகமல்ல.