பட்டறைச் சோப்பு சுட்ட தலை

பனியன் கம்பெனியில் வெள்ளைப் பனியனின் பிசிறு நூலை வெட்டிக்கொண்டிருந்தேன். துணிமேல் ஒரு நீள முடி விழுந்தது. ஊதித் தள்ளினேன். அடுத்த உருப்படியிலும் ஒன்று. மாலையில் தலையைச் சொறிந்தபோது விரலோடு கொத்தாகவே வந்துவிட்டது.

மறுநாள் மருத்துவமனையில் டாக்டர் முடியை விலக்கிப் பார்த்தார்.

"தலைக்கு என்னம்மா தேய்க்கிறீங்க?"

நான் வாய் திறக்குமுன் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். அவருக்குப் பனியன் துணி வெளுக்கும் சலவைப் பட்டறையில் வேலை. "எங்க பட்டறைச் சோப்புக் கரைசலுங்க. துணி சும்மா பளிச்சுனு வெளுக்குமுங்க."

"உங்க சம்சாரம் தலை என்ன பனியனா?"

ஷாம்பு குப்பியெல்லாம் பெரிய வீடுகளில் மட்டும் இருந்த காலம். அவர் ஆசையாகத்தான் கொண்டுவந்து கொடுத்தார். என்னமாய் நுரைக்கிறது என்று நானும் தேய்த்துக் குளித்தேன். அதிலிருந்த காரம் தோலைச் சுட்டுவிட்டது. தோல் அழற்சி (தோல் சிவந்து புண்ணாவது) என்றார் டாக்டர். முடியை ஒட்ட வெட்டிக் களிம்பு தடவச் சொன்னார். திரும்ப வளருமா என்று கேட்டேன்.

"வேர் பிழைச்சிருந்தா வளரும். பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' என்னை அழவைத்தது. வீட்டுக்காரர் என்னைவிட அதிகமாக அழுதார்.

புண் ஆறிய பின்னும் சீயக்காய் எரிந்தது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பாசிப்பயறு மாவை வடிகஞ்சியில் நீர்க்கக் கரைத்துத் தேய்த்தேன். எதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துத்தான் தலைக்குப் போட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், அவசரப்படாதீர்கள்.

வேர் பிழைத்திருந்தது. ஆனால் வந்த முடி என்னுடையதாகத் தெரியவில்லை. எண்ணெய் வழியும் நேர்முடி போய், வறண்ட சுருட்டை வந்திருந்தது.

"ஆரு வூட்டு முடி புள்ள இது?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். எனக்கோ முடி வந்ததே போதும் என்று உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

புது முடிக்குப் புதுப் பக்குவம் வேண்டியிருந்தது. அரப்புத் தூளில் (உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்தது) செம்பருத்தி இலை கசக்கிய கொழகொழச் சாற்றைச் சேர்த்தேன். வறட்சி அடங்கியது. நாத்தனாருக்கு எண்ணெய்ப் பிசுக்குத் தலை. அவளுக்குச் சீயக்காயோடு பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர். மகளின் மெல்லிய முடிக்கு வெந்தயம் அரைத்துக் கலந்த கஞ்சி. ஒருத்தி கிண்ணத்தில் இன்னொருத்தி கைவைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

முன்பெல்லாம் தலை குளிப்பது கம்பெனிச் சங்கு ஊதுமுன் முடிக்கவேண்டிய வேலை. இப்போது தலையில் கரைசல் பட்டதும் எரியுமோ என்று உடம்பு ஒரு கணம் காத்திருக்கிறது. புண் ஆறி ஆண்டுகள் ஆகியும் அந்தக் கணம் என்னை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்காரர்தான் தேய்த்துவிடுகிறார்.

"எரியுதா புள்ள?" என்று தவறாமல் கேட்பார்.

எரியவில்லைதான். ஆனாலும் உடனே சொல்லமாட்டேன். சொல்லிவிட்டால் கையை எடுத்துவிடுவார்.