பால் வெள்ளையும் மூன்றாவது சாஃப்ட்வேரும்

போன வாரம் சேவூரில் ஒரு கல்யாணம். பிரியாணி நன்றாகத்தான் இருந்ததாம். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. காரணம், மணப்பெண்ணின் புடவை. அந்தப் புடவையில் குழப்பம் செய்த புண்ணியவான் நான்தான்.

ஒன்பது வருடமாக ஒரே போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரோடு நிம்மதியாகக் குடித்தனம் நடத்தினேன். இந்த வருடம் கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் ஆகிக்கொண்டது. மறுநாள் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. வேறொன்றை இறக்கினேன் — கூடச் சேர்த்துக்கொள்ளும் குட்டி சாஃப்ட்வேர்களான என் பழைய ப்ளக்-இன்களை உள்ளே விடமாட்டேன் என்றது. இரண்டாவதாக இறக்கியது எல்லாவற்றையும் உள்ளே விட்டது. விட்டுவிட்டு, பாதியில் அப்படியே நின்றது. நீக்கு, இறக்கு, ரீஸ்டார்ட் செய்... முடியலடா சாமி என்று ஆகிவிட்டது.

எனக்கு எதற்கு இந்த வம்பு? எங்கள் தெருவில் தனலட்சுமியும் அவர் கணவரும் வீட்டிலேயே பட்டு நெய்கிறார்கள். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். படம் எடுத்துக் கலர் சரிசெய்து தருவது என் பொழுதுபோக்கு. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புடவையின் நூலில் ஒரு துண்டைத் தனலட்சுமி கொண்டுவந்து மானிட்டரில் ஒட்டிப் பிடிப்பார். நூலும் படமும் ஒரே நிறமாகும்வரை நான் கலரை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருப்பேன். அவர் சரி என்றால்தான் படம் வெளியே போகும்.

சேவூர் எஸ்தர் டீச்சர் தன் மகள் பெனிட்டாவின் கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டு கேட்ட அன்று, நான் மூன்றாவது சாஃப்ட்வேரோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ப்ளக்-இன். ஒரே பட்டன், எல்லாக் கலரையும் அதுவே திருத்திவிடுமாம். தனலட்சுமி மாதிரிக்குக் கொடுத்த சந்தன வெள்ளைப் புடவையின் படத்தைப் போட்டு அழுத்தினேன். பளிச்! நூலுக்குச் சொல்லி அனுப்பப் பொறுமை இல்லை. டீச்சருக்கு அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அந்தச் சந்தனச் சாயலை ட்யூப்லைட்டின் கோளாறு என்று ப்ளக்-இன் முடிவு செய்து, துடைத்துப் பால் வெள்ளையாக்கியிருக்கிறது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

இதே கலரில், முந்தானையில் பெனிட்டா வரைந்து கொடுத்த லில்லிப் பூக்களோடு வேண்டும் என்று ஆர்டர் வந்தது. படத்தைப் பார்க்காத தனலட்சுமி, மாதிரிக்குக் கொடுத்த அதே சந்தன வெள்ளையில் நெய்தார். டீச்சரோ படத்தைப் பார்த்துப் சர்ச்சில் மணப்பெண் தலையில் முக்காடாகப் போடும் நெட்டைப் பால் வெள்ளையில் வாங்கினார். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்... புடவை, துவைத்துத் துவைத்துப் பழுத்த வேட்டியாகத் தெரிந்ததாம்.

மறுபடி நெய்ய நாள் இல்லை. வெளுக்கப் போட்டால் ஜரிகை போய்விடும். தனலட்சுமி என் வீட்டுக்கு வந்தார். சத்தமே போடவில்லை.

"டீச்சரம்மா நான் நூல மாத்திட்டேன்னு சொல்லிக்கினு இருக்காங்க சார். நீங்க படம் அனுப்பசொல்லோ என்னைக் கூப்புடவே இல்லியே."

இருபது வருடமாக இந்த ஊரில் அவர் சம்பாதித்த பெயர், என் ஒரு சோம்பலில் போகப் பார்த்தது. வெட்கமாக இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவரோடு சேவூருக்குப் போனேன். ப்ளக்-இன் தொடாத படத்தையும் தொட்ட படத்தையும் காட்டி, தப்பு என்னுடையது என்றேன். டீச்சர் தனலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பெனிட்டாதான் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வெயிலில் போய் நின்றாள். லில்லிகளைத் தடவிப் பார்த்தாள். புடவை நன்றாகத்தான் இருக்கிறது, நெட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றாள். மறுநாளே அம்மாவும் மகளும் வேலூருக்கு பஸ் ஏறிச் சந்தன நிறத்தில் வேறு நெட் வாங்கிவந்தார்கள்.

கல்யாணத்தன்று சர்ச் வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்க, போட்டோகிராபர் கேமரா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். புடவை லேசாக மஞ்சள் அடிக்கிறது, கவலை வேண்டாம், ஆல்பத்தில் ஒரே பட்டனில் பால் வெள்ளையாக்கிவிடலாம் என்றார்.

பெனிட்டா சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்: "தொடாதீங்கண்ணா. அந்த வெள்ளையாலதான் எங்கம்மா மூணு நாள் சாப்புடாம கெடந்தாங்க."

பக்கத்தில் நின்ற எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள்.