வாலை நறுக்கிய அப்பா

பிள்ளைகளே, நான் கிழக்கேகோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். தைத்து முடித்ததும் தொங்குகிற நூலை நறுக்கிவிடுவது என் பழக்கம். அந்தப் பழக்கம் ஒருமுறை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் புகுந்துவிட்டது.

என் மகள் உமா, பள்ளி ஆண்டுவிழாவுக்காக ஒரு குரங்கு நாடகம் எழுதி, கம்ப்யூட்டரில் டைப் செய்து வைத்திருந்தாள். அந்த ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் டி, ஓ, சி என்று மூன்று எழுத்துகளும் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு அது பிசிறாகத் தெரிந்தது. அழித்துவிட்டேன். கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது. படிக்காமலே ‘யெஸ்’ கொடுத்தேன்.

மாலையில் உமா பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தாள். ஃபைல் திறக்கவில்லை. மறுநாள் ஒத்திகை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அப்பா, இதை யாரு தொட்டது?”

“நான்தான் மோளே. வாலை மட்டும் கொஞ்சம் நறுக்கினேன்.”

“வாலா? இது என்ன ஜாக்கெட்டா? அதைப் பாத்துத்தானே இது என்ன ஃபைல்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும்!”

“பின்னே என்ன, திருப்பி ஒட்டிப் பாப்போம்.”

உமா முதலில் அந்த ஃபைலை ஒரு காப்பி எடுத்தாள். அந்தக் காப்பியின் பெயரில் புள்ளியையும் மூன்று எழுத்துகளையும் சேர்த்தாள். கிளிக் செய்ததும் நாடகம் முழுசாக வந்து நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பியது.

இப்போதெல்லாம் எந்த ஃபைலைத் தொடுவதானாலும் முதலில் காப்பி எடுத்துவிடுகிறேன். கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டால், உமாவிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பதில் கொடுக்கிறேன். நீங்களும் அவசரப்படாதீர்கள்.

நாடகத்தில் குரங்குக்கு உடுப்பு தைத்ததும் நான்தான். வாலை மட்டும் ஒரு முழம் கூடுதலாகவே வைத்துத் தைத்தேன்.