ஜப்பான்காரர் தூங்கிய மத்தியானம்

ஜப்பானியலில் முதுகலை படித்தேன், அதுவும் பகுதி நேரமாக, என்று சொன்னால் இன்றும் சிரிக்கிறார்கள். சிரிக்க அதில் என்ன இருக்கிறது? தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் குடியிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சர் வேலை. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரே ரோடு, ஒரே வெயில், ஒரே டவுன் பஸ். போய் வருவதிலும் வந்து போவதிலும் ஆயுள் தேய்ந்துகொண்டிருந்தது. மேற்கே மலை. மலைமேல் மேகம். மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம். எங்களுக்கு அதன் வாசனை மட்டும். இப்படிப்பட்ட ஊரில் இருக்கிறவளுக்குத் தூரத்தின்மேல் ஒரு வெறி வரும். சிலருக்குப் பம்பாய் வரும், சிலருக்கு துபாய். எனக்கு ஜப்பான் வந்தது.

மதுரையில் ஒரு கல்லூரி அந்தப் படிப்பைப் புதிதாகத் தொடங்கியிருந்தது. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வகுப்பு. அந்தச் சனிக்கிழமைகளில் விடியுமுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றால் கண்டக்டர் தயாராக இருப்பார்.

"டீச்சர், மதுரைக்கா ஜப்பானுக்கா? ஜப்பான்னா சில்லறையா குடுங்க."

பஸ் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஒரு தடவை சிரிக்கலாம், இரண்டு தடவை சிரிக்கலாம். படிப்பு முடியும் வரைக்கும் சிரிக்க முடியுமா?

தெருவில் வேறு விதமான தொல்லை. ஜப்பான் படிக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து ஓடாத வாட்ச், பாடாத டேப், சூடாகாத அயர்ன்பாக்ஸ் எல்லாம் என் வாசலுக்கு வந்தன.

"ஜப்பான் செட்டு டீச்சர். பாட்டு மட்டும் வரமாட்டங்கு. செத்த பாருங்களேன்."

"நான் படிக்கது அவிய சரித்திரம், பழக்கவழக்கம். ரிப்பேர் இல்ல."

"அவிய பழக்கம் தெரியும்னா அவிய சாமான் தெரியாமயா இருக்கும்?"



கல்லூரியிலாவது நிம்மதி உண்டா என்றால், ஜப்பானியல் நூலகம் என்பது ஒரு மர அலமாரி. அதன் சாவி ஒரு குமாஸ்தாவிடம் இருந்தது. அந்தக் குமாஸ்தா சனி, ஞாயிறு வரமாட்டார். நாங்களோ சனி, ஞாயிறு மட்டும்தான் வருவோம். கண்ணாடிக் கதவு வழியாகப் புத்தகங்களின் முதுகைப் படித்தே ஓராண்டு கடத்தினோம். பேராசிரியர் தங்கமான மனுஷர். ஜப்பானை அவரும் பார்த்ததில்லை. செர்ரி மரம் பூப்பதை அவர் வர்ணிக்கும்போது எனக்கு எங்கள் பள்ளிக்கூடத்துப் புங்கைமரம்தான் தெரியும். அவருக்கும் ஏதோ ஒரு புங்கைமரம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி ஆண்டில் ஆய்வேடு. 'ஜப்பானியத் தொழிலாளரின் ஓய்வு நேரம்' என்று தலைப்பு எடுத்தேன். எனக்கு இல்லாததைப் பற்றி எழுதுவோம் என்ற எரிச்சலில் எடுத்த தலைப்பு. எழுதியும் முடித்தேன். அப்போதுதான் பேராசிரியர் மெதுவாகச் சொன்னார்:

"ஒரு ஜப்பானியத் தொழிலாளியை நேர்ல பேட்டி எடுத்துச் சேக்கணும்மா. இல்லாட்டி ஏத்துக்க மாட்டாங்க. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள குடுக்கலேன்னா உங்க பதிவு காலாவதி."

பேட்டி இல்லையென்றால் பட்டம் இல்லை. அத்தனை சனிக்கிழமையும் வீண். ஜப்பானியருக்கு நான் எங்கே போவேன்? சேத்தூருக்கா, சோழபுரத்துக்கா?

மே மாதம். என் வீட்டுக்காரர் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஒரு சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போதே சொன்னார்:

"ஏட்டி, ஒனக்கு ஒரு ஜப்பான்காரன் வாரான்."

மில்லுக்குப் புதிதாக நூல் சுற்றும் மிஷின் வந்திருந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு ஃபிட்டர் வருகிறாராம், ஒரு வாரம். எனக்கு உள்ளங்கால் தரையில் பாவவில்லை. கேள்விகளைத் தயார் செய்தேன். கண்ணாடி முன் நின்று குனிந்து வணங்கிப் பழகினேன்.

வந்தார். ஊர் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

எங்கள் ஊரில் விருந்தாளி 'வேண்டாம்' என்றால் அது மரியாதைக்குச் சொல்வது. முதல் வேண்டாமுக்கு ஒரு கரண்டி, இரண்டாவது வேண்டாமுக்கு இன்னொரு கரண்டி. இலையை மறைத்துக் குப்புறக் கவிழ்ந்தால்தான் நம்புவார்கள். அந்த மனிதரோ கைகளைத் தொடையில் வைத்து, தலை குனிந்து, மெல்லிய குரலில் வேண்டாம் என்பார். அது யாருக்கு உறைக்கும்?

"எப்படிங்க இருக்காரு?" என்று கேட்டால் என் வீட்டுக்காரர் அன்றைய சமாச்சாரத்தைச் சொல்வார்.

"காலம்பற மேனேஜர் வீட்டுல இட்லி. பொறவு முதலாளி மச்சினன் வீட்டுல திரும்பவும் இட்லி. வேண்டாம்னுதான் சொல்லுதான், கும்பிட்டுக்கிட்டே சொல்லுதான். கும்பிடுதவன எப்படி நம்புறது? இன்னும் ரெண்டு வச்சிட்டாவ."

"எனக்கு ஒரு மணி நேரம் கேட்டீங்களா?"

"நாளைக்குக் கேக்கேன்."

நாளைக்கு, நாளைக்கு. ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். வழியில் எல்லாக் கடையிலும் பால்கோவா. ஒருநாள் தோப்பில் மாம்பழம். இரவெல்லாம் மிஷினோடு மல்லுக்கட்டுகிறாராம், பகலெல்லாம் விருந்தோடு. ஆலங்குளத்திலிருந்துகூட ஆள் வந்து அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் நாட்டைப் பற்றி வருஷக்கணக்காகப் படித்த எனக்கு அவர் முதுகுகூடக் கிடைக்கவில்லை.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் ஜீப் வந்து மதுரைக்கு ஏற்றிப் போய்விடும். அன்று மத்தியானம் எங்கள் வீடு என்று முடிவாயிற்று.

"சாப்பாடு வேண்டாங்க, கேள்வி மட்டும் போதும்" என்றேன்.

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "வீட்டுக்கு வாரவியளுக்குச் சோறு போடாம கேள்வியா போடுவ? இது என்ன போலீஸ் டேசனா?"

வந்தார். ஐம்பதை நெருங்கிய ஒல்லி மனிதர். செருப்பைக் கழற்றி, வாசலைப் பார்க்கத் திருப்பி, சேர்த்து வைத்தார். "எம்புட்டு நறுவிசு பாரேன்" என்று மாமியார் அந்த இடத்திலேயே உருகிவிட்டார். கறிக்குழம்பு, வடை, மாம்பழம். அவர் குனியக் குனியக் கரண்டி இறங்கியது. மனப்பாடம் செய்திருந்த ஜப்பானிய வாக்கியத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து கடகடவென்று பதில் சொன்னார். ஒரு எழுத்து புரியவில்லை. இரண்டு பேரும் ஆங்கிலத்துக்கு வந்தோம், ஆளுக்கொரு காலில் நொண்டிக்கொண்டு.

ஃபேனுக்குக் கீழே பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து முதல் கேள்வியைக் கேட்டேன். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?

பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். யோசிக்கிறவர் போலக் கண்ணை மூடினார். பேசுமுன் நீண்ட மௌனம் அவர்கள் வழக்கம், அதைக் குலைக்கக் கூடாது என்று பாடத்தில் இருந்தது. பேனாவைப் பிடித்தபடி பொறுத்தேன். பாடத்தை மதித்து இன்னும் பொறுத்தேன். பிறகு குறட்டை வந்தது.

தோளைத் தொடப் போனேன்.

"ஏட்டி, கையை எடு!" மாமியார் குசுகுசுத்தார். "தூங்குத விருந்தாளிய எழுப்புத பழக்கம் நம்ம வீட்டுல உண்டுமா?"

"எனக்குப் பட்டம் போயிரும் அத்தை."

"போனா போகுது. அந்த மனுசன் வந்த நாள்லேர்ந்து கண்ணை மூடலியாம்லா. மூஞ்சியைப் பாரு, ஈயம் பூசுன மாதிரி இருக்கு."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைத்துவிட்டு, "செத்த நேரத்துல முழிச்சிருவான்" என்றார். முழிக்கவில்லை. தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டம்மா விருந்தாளிக்கென்று ஒரு தூக்குவாளிப் பாயசத்தோடு வந்தார். "அய்யோ, பாபம்" என்று பாத்திரத்தை வைத்துவிட்டுப் பூனைபோலத் திரும்பிப் போனார். உலகமே அவர் தூக்கத்துக்குக் காவல் நின்றது. நான் மட்டும் எதிரி.

உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய? விரல் இடுக்கில் கிரீஸ். சட்டைக் காலரில் பஞ்சுத் தூசி. வாய் லேசாகத் திறந்திருந்தது. காற்று உள்ளே போனது, வெளியே வந்தது, கடல் தாண்டி வந்த ஒரு களைப்பு எங்கள் பிரம்பு நாற்காலியில் அலையடித்துக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைத் தூக்கி உடைக்க வேண்டும் போலவும் இருந்தது.

ஜீப் ஹாரன் அடித்ததும் துள்ளி எழுந்தார். மணி பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்து மடங்கி மடங்கி மன்னிப்புக் கேட்டார். செருப்பில் கால் நுழைக்கும்போது நின்று, வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை தூங்குவேன். வீட்டில் எழுப்பிவிடுவார்கள். இங்கே யாரும் எழுப்பவில்லை."

அவ்வளவுதான் என் பேட்டி.

அதையே எழுதிச் சேர்த்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூணே வரியா? மீதிக் கேள்வி என்னாச்சு?"

"தூங்கிட்டார் சார்."

"எழுப்பியிருக்கலாமே?"

பேராசிரியர் கூரையைப் பார்த்தார். பஸ், அலமாரி, அயர்ன்பாக்ஸ், கரண்டி எல்லாம் சேர்ந்து என்னைப் பேசவைத்தன.

"தலைப்பே ஓய்வுதான சார்? ஒரு ஜப்பானியத் தொழிலாளி ஓய்வெடுக்கிறதை மத்தியானம் பூரா பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். நீங்க பாடமா வச்சிருக்கிற புத்தகங்களை எழுதினவங்கள்ல யாராவது பாத்திருக்காங்களா?"

பட்டம் போயிற்று என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குறட்டை விட்டாரா?"

"விட்டார் சார்."

"அதை ஏன் எழுதல? பாத்தது பூராவையும் எழுதிக் கொண்டாங்க. இந்த மூணு வரி போதாது."

மறுபடியும் எழுது. மறுபடியும் டைப் அடி. மறுபடியும் பஸ். திட்டிக்கொண்டே எழுதினேன். ஃபேன், கிரீஸ், பாயசம், மாமியாரின் குசுகுசுப்பு, ஒன்று விடாமல் எழுதினேன். மூன்று வரி ஓர் அத்தியாயமாக வளர்ந்தது. ஆய்வேட்டிலேயே உருப்படியான பகுதி அதுதான் என்று பேராசிரியர் சொன்னார். கூடுதல் மதிப்பெண் யாரும் போடவில்லை.

தேறினேன். இரண்டாம் வகுப்பு.