ரயில் பேனாவுக்கு மை வாங்கப் பூந்தமல்லி போன கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பூந்தமல்லிக்குப் போய் வந்தேன். காரணம் ஒரு பேனா. நம்ம பக்கம் முதன்முதலாக ரயில் ஓடியதன் நினைவாகச் செய்த மைப் பேனா. கரும்பச்சை உடம்பில் பொடிப்பொடியாகச் செதுக்கிய நீராவி எஞ்சின், தங்க முள். விலையைச் சொல்ல மாட்டேன். என் மனைவியும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள்.

பத்தாவதும் ஐடிஐயும் முடித்து ஃபேக்டரியில் ஸ்பேனர் பிடித்தவனுக்கு இது எதற்கு? மகள் யாழினிக்கு. ரயில் ஓட்டும் உதவி லோகோ பைலட் வேலை கிடைத்து, மறுநாள் சேர இருந்தாள். அவள் போடும் கையெழுத்துதான் பேனாவின் முதல் எழுத்தாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அவளிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

பெட்டியிலேயே மை இருந்தது. மூடி இறுக்கமாக இருக்கிறதே என்று கட்டிங் பிளேயர் போட்டுத் திருகினேன். ஃபிட்டர் புத்தி. பாட்டில் உடைந்து, வேட்டி நீலமானது. பேனா மை பூந்தமல்லியில்தான் கிடைக்கும் என்றார்கள்.

காலை 10.15க்கு ஷேர் ஆட்டோ. ஆவடி வரை 5 கிலோமீட்டர், 30 ரூபாய். அங்கிருந்து பூந்தமல்லிக்கு பஸ், 11 கிலோமீட்டர், 15 ரூபாய். பருத்திப்பட்டு ஏரி வந்ததும் பேனாவை வெளியே எடுத்தேன். ஜன்னல் வெயில் எஞ்சின் மேல் விழுந்து விழுந்து நகர, என் உள்ளங்கையில் வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களைத் தாண்டி ஒரு ஸ்டேஷனரி கடை. மை 60 ரூபாய். கடைக்காரர் மை ஏற்றிவிட்டு, கிறுக்கிப் பார்க்கத் துண்டுக் காகிதத்தை இழுத்தார். பேனாவைப் பறித்துக்கொண்டேன்.

“எழுதிப் பாக்காம எப்படி சார் தெரியும்?”

“தெரிய வேணாம் சார்.”

மீதிச் சில்லறையை அவர் சற்றுத் தள்ளி நின்றுதான் கொடுத்தார்.

ஆவடி திரும்பும்போது மணி 1.10. பேனாவுக்கு ரயிலைக் காட்டாமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. சிரிக்காதீர்கள். பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய். அந்த முதல் ரயிலும் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது. ஒரு வண்டி நிற்காமல் போனது; தண்டவாளம் வெகுநேரம் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. முன் கண்ணாடிக்குள் யாழினி தெரிந்த மாதிரி இருந்தது.

1.40க்கு ரிசர்வேஷன் கவுண்டர் வழியாக வெளியே வந்தேன். காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் கையில் படிவத்தோடு மறித்தார்.

“அண்ணாத்தே, பேனா கீதா?”

சட்டென்று பாக்கெட்டைப் பொத்தினேன்.

“இன்னா, நெஞ்சு வலியா?”

“இல்லப்பா. இது எழுதாது.”

“எழுதாத பேனாவை இன்னாத்துக்கு நைனா வெச்சிகினு கீறே? ரெண்டு மணிக்கு மூடிடுவான். எம் பொண்ணு கோயம்புத்தூர் காலேஜ்ல சேரப் போவுது. தனியா போறது இதான் மொத தபா.”

வரிசையில் இரண்டே பேர் மிச்சம். நான் பேனாவையும் பார்த்தேன், அவரையும் பார்த்தேன்.

“குடு, நானே எழுதுறேன். நீ முள்ளை அமுக்கிடுவே. பேரு?”

“ரேவதி.”

முள் வறவறவென்று கீறியது. ஒன்றும் வரவில்லை.

“மெய்யாலுமே எழுதாது போல கீதே!”

இன்னொரு கீறல். நீலம் இறங்கியது. ரேவதி, வயது பதினெட்டு. “லோயர் பர்த் போடு அண்ணாத்தே. ஜன்னல்ல பாத்துகினே போவட்டும்” என்று சொல்லிக்கொண்டே, ஈரம் காய அவரே ஊதினார். டிக்கெட் கிடைத்ததும் என்னை வீடு வரை சும்மாவே கொண்டுவந்து விட்டார்.

யாழினியிடம் திருடன் மாதிரி நின்று விஷயத்தைச் சொன்னேன். மூடியைக் கழற்றி முள்ளை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “பாசஞ்சர் ஏறாம வண்டியை எடுக்க முடியுமாப்பா?” திங்கட்கிழமை அதே பேனாவில்தான் கையெழுத்துப் போட்டாள்.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை கவுண்டர் இரண்டு மணி வரைதான். மை பாட்டிலைக் கையால் திறங்கள். நல்ல பேனாவோடு கிளம்பினால், இரவல் கொடுக்கப் பத்து ரூபாய் பேனா ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டாலும் குடி முழுகிப் போகாது.